பூட்டி வைத்த போர்வை

நாவல் எழுதுகிறவனுக்கு வீட்டுத் துணி பீரோவில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக் கூடும். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். "எழுத வேறு விஷயம் கிடைக்கவில்லையா?" என்றாள். இந்த விஷயத்தை இத்தனை நாள் எழுதாமல் இருந்தேனே என்ற வெட்கத்தில்தான் இப்போது எழுதுகிறேன். என் கதைகளில் வரும் வீடுகளில் கூடம் இருக்கும், சமையலறை இருக்கும், ஊஞ்சல்கூட இருக்கும். அந்த வீட்டார் ராத்திரி எதை விரித்துப் படுத்தார்கள், எதைப் போர்த்திக்கொண்டார்கள் என்று நான் ஒரு வரி எழுதியதில்லை. என் கதாநாயகிகள் பலர் தலையணை நனைய அழுதிருக்கிறார்கள். மறுநாள் அந்தத் தலையணை உறையை யார் துவைத்தார்கள் என்று யோசித்ததும் இல்லை.

என்னை யோசிக்க வைத்தது கும்மிடிப்பூண்டியில் நடந்த ஒரு சாவு.

என் அக்கா அங்கே வாழ்க்கைப்பட்டவள். மாமா சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த வீடு. மாடியில் இரண்டு அறைகள். அதை ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த ஐந்து பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அக்காளின் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எண்பத்தைந்து வயதைத் தாண்டியவள். கடைசி நான்கு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். நான் பார்க்கப் போனபோதெல்லாம் அவளுக்கு அடியில் இருந்தது ஒரே துப்பட்டிதான். நீலக் கட்டம் போட்ட பழைய துப்பட்டி. நடுவில் நைந்து சல்லடையாகிவிட்டது. அதன் வழியாக மெத்தையின் ரெக்ஸின் உறை தெரியும். அந்த ரெக்ஸின் கிழவியின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். "முதுகு எரியுதுப்பா" என்பாள். நானும் கொஞ்ச நேரம் விசிறிவிட்டு, ஆறுதல் சொல்லிவிட்டு, ரயிலைப் பிடித்து வந்துவிடுவேன்.

கார்த்திகை மாதத்தில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு விடியற்காலையில் அவள் இறந்துபோனாள். கிடத்துவதற்கு நல்லதாக ஒரு விரிப்பு வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அக்கா அழுதுகொண்டே இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "பெரிய பீரோவில மேல் தட்டுல இருக்கும், ஒண்ணு எடுத்துக்கிட்டு வா தம்பி" என்றாள்.

திறந்தேன். அந்துருண்டை நெடி முகத்தில் அடித்தது. அன்றைக்கு எண்ண மனம் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அக்காளும் நானும் உட்கார்ந்து எண்ணினோம். இரட்டைக் கட்டில் விரிப்பு 19. ஒற்றை விரிப்பு 12. போர்வை 9. தலையணை உறை 38. துண்டு 26. பவானி ஜமக்காளம் 2. அக்கா கலியாணத்துக்கு வந்தவை, கிருகப்பிரவேசத்துக்கு வந்தவை, அவள் பெண்ணின் கலியாணத்தில் சம்பந்தி வீட்டார் வைத்தவை, தீபாவளி தோறும் ஆலையில் கொடுத்தவை. பாதிக்கு மேற்பட்டவற்றில் கடைக்காரன் ஒட்டிய காகிதப் பட்டைகூடக் கிழியவில்லை.

ஆக, 31 விரிப்புகள் இருந்த வீட்டில் அந்தக் கிழவி சல்லடையின்மேல் கிடந்து செத்தாள். செத்த பிறகு அவளுக்குப் புது விரிப்பு கிடைத்தது. பிறந்தகத்தாரும் சம்பந்திகளும் கொண்டுவந்து போட்ட கோடித் துணிகள் வேறு.

அக்காளைக் கொடுமைக்காரி என்று எண்ணிவிட வேண்டாம். நான்கு மாதமும் வேளை தவறாமல் மருந்து கொடுத்தவள் அவள். மலஜலம் எடுத்தவளும் அவள்தான். "ஒரு விரிப்பை எடுத்துப் போட்டிருக்கக் கூடாதா அக்கா?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். "நல்லதைப் போட்டா வீணாயிடும்னுதான் இருந்துட்டேன். தினம் ஈரமாக்கிடுவாங்களே" என்றாள். பிறகு, "நான் எடுக்கப் போனாலும் அத்தையே வேண்டாம்பாங்கடா. யாராவது வந்தா போடலாம், எனக்கெதுக்குன்னு சொல்லுவாங்க" என்றாள்.

அதுவும் மெய்தான். அந்தச் சாவி அக்காளிடம் வருவதற்கு முன்னால் அத்தையின் இடுப்பில் இருந்தது. அத்தைக்கு அந்தப் புத்தி எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியும், அவளே சொல்லியிருக்கிறாள். 1943-ல் சர்க்கார் துணிக் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டபோது அவள் சின்னப் பெண். யுத்த காலம். ஆலைத் துணி பட்டாளத்துக்குப் போயிற்று; மிச்சம் கள்ளச் சந்தைக்குப் போயிற்று. அவளுக்கு இருந்தது ஒரே பாவாடை. அதைத் துவைத்துப் போட்டால், காயும் வரையில் அம்மாவின் கிழிந்த சேலையைச் சுற்றிக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாளாம். அப்படி உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் ஒரு பீரோவும் பூட்டும் சாவியும் கிடைத்தால் அவள் வேறு என்ன செய்வாள்? அவளைக் கேலி செய்கிறவன் மனிதன் அல்ல.

ஆனால் அவளுக்குப் பின்னால் வந்த நமக்கு என்ன கேடு? அவர்கள் துணி இல்லாத பயத்தில் பூட்டினார்கள். நாம் துணி குவிந்து கிடக்கும்போது பூட்டுகிறோம். கேட்டால், "விருந்தாளி வந்தால்?" என்கிறோம்.

யார் அந்த விருந்தாளி? நான் பல வீடுகளில் விசாரித்துவிட்டேன். ஒரு காலத்தில் அத்தையும் சித்தியும் டிரங்குப் பெட்டியோடு வந்து பத்து நாள் தங்கினார்கள். இன்றைக்குக் கும்மிடிப்பூண்டிக்கு வருகிற உறவினர் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வருகிறார். இல்லாவிட்டால் கல்கத்தா ரோட்டில் காரில் வருகிறார். காப்பி குடிக்கிறார். சாப்பிடுகிறார். கடைசி ரயிலுக்குள் கிளம்பிவிடுகிறார். அக்கா வீட்டில் போன வருஷம் முழுவதும் ராத்தங்கிய விருந்தாளி எத்தனை பேர் என்று கேட்டேன். யோசித்து, "நீதான்" என்றாள். எனக்குப் போட்ட விரிப்பு எது என்று அவளுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. வராத ஒருவருக்காக வீட்டிலே இருக்கிறவர்களை ஏழைகளாக வைத்திருக்கும் இந்த வழக்கத்துக்கு விருந்தோம்பல் என்று பெயர் சொல்லாதீர்கள். அது ஊராருக்குப் பயப்படும் பயம்.

அதிலும் ஒரு வரிசை உண்டு, கவனியுங்கள். நல்ல விரிப்பு வராத விருந்தாளிக்கு. சுமாரானது வீட்டு எஜமானருக்கு. அதற்குக் கீழே பிள்ளைகள். சாயம் போனது வீட்டுக்காரிக்கு. கிழிந்தது கிழவிக்கு. அதற்கும் பிறகு கந்தலானது வேலை செய்யும் அம்மாளுக்கு 'தானம்'. பீரோவின் தட்டுகளை மேலிருந்து கீழாகப் பார்த்தால் அந்த வீட்டில் யாருக்கு என்ன மதிப்பு என்று எழுதியே வைத்திருக்கிறது.

சரி, பூட்டி வைத்த துணியாவது பத்திரமாக இருக்கிறதா? அதுவும் இல்லை. அக்காளின் 31-ல் ஏழு விரிப்புகள் கைபடாமலே கெட்டுப்போயிருந்தன. கடலும் பக்கிங்காம் கால்வாயும் கிட்டத்தில் உள்ள சீமை அது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும். இரும்பு பீரோவுக்குள் அந்த ஈரம் புகுந்தால் வெளியே போக வழி கிடையாது. பூஞ்சைக் கறை பிடிக்கிறது. மடிப்பிலேயே வருஷக் கணக்கில் கிடக்கும் நூல், அந்த மடிப்புக் கோட்டில் மஞ்சளாகி, ஒருநாள் விரித்தால் அந்தக் கோட்டிலேயே கிழிகிறது. கஞ்சி போட்டு இஸ்திரி செய்து பத்திரப்படுத்துகிறோமே, அந்தக் கஞ்சிதான் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. விருந்தாளி வரவில்லை, பூச்சி வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறது.

இந்த இடத்தில்தான் வியாபாரி உள்ளே நுழைகிறான். "பழசாகிவிட்டதா? பீரோவைப் புதுப்பியுங்கள்! குறைந்த செலவில்!" என்கிறான். அவன் சொல்லும் குறைந்த செலவு என்னவென்றால், இரண்டு விரிப்பு வாங்கினால் ஒன்று இனாம். அவற்றை அடுக்கப் பிளாஸ்டிக் கூடை. கூடையில் ஒட்ட வண்ணச் சீட்டு. செல்போனில் விரலால் தட்டினால் மூன்றாம் நாள் வாசலில் வந்து நிற்கிறது. தொட்டால் வழவழவென்று இருக்கிறது. படுத்தால் வேர்த்துக் கொட்டுகிறது. காரணம் சாதாரணமானது. காற்றிலுள்ள ஈரத்திலிருந்து பருத்தி தன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் வாங்கிக்கொள்ளும். பாலியஸ்டர் நூற்றுக்கு அரைப் பங்குகூட வாங்காது. சித்திரை வெயிலில் திருவள்ளூர் ஜில்லாவில் இருப்பவன் முதுகுக்கு எது வேண்டும் என்பதைச் சொல்ல விஞ்ஞானி வேண்டாம். அத்தையின் முதுகே சொல்லிற்று.

இதில் இன்னொரு வெட்கக்கேடும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரிக்குப் போய் அங்கிருந்து பஸ் ஏறினால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கோட்டை கட்டியதற்குக் காரணம் மீனும் உப்பும் அல்ல, துணிதான். சாயவேரில் சிவப்பேற்றிய இந்தக் கரையின் துணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் அவர்கள் கிழக்குத் தீவுகளில் மிளகும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். கட்டம் போட்ட கைக்குட்டைக்கு இங்கிலீஷ்காரன் 'புலிகாட்' என்றே பெயர் வைத்தான். ஸ்காட்லாந்து நெசவாளிகள் அதைப் பார்த்து நெய்து அதே பெயரில் விற்றார்கள். இன்றும் கடையில் பளையகாட் லுங்கி என்று கேட்கிறோமே, அது பழவேற்காட்டின் பெயர்தான். சோழமண்டலக் கரையில் பூவேலை எழுதிய கட்டில் விரிப்புகளுக்கு ஐரோப்பியப் பிரபுக்களின் வீடுகளில் அப்படி ஒரு மோகம். பொறுக்க முடியாமல் பிரான்ஸ் தேசம் 1686-லும், இங்கிலாந்து 1700-லும் பிறகு 1721-லும் சட்டம் போட்டு இந்தியத் துணியைத் தடுக்க வேண்டியிருந்தது. உலகத்துக்குப் படுக்கை விரித்த சீமையில் பிறந்தவர்கள், பெட்ரோலியத்திலிருந்து எடுத்த நூலை விரித்துக்கொண்டு ராத்திரி முழுவதும் புரளுகிறோம்.

இந்த ஜில்லாவிலேயே பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறிச் சத்தம் இன்னும் கேட்கிறது. சென்னிமலையில் விரிப்பும் போர்வையும் நெய்கிறார்கள். கைத்தறிக்கு மட்டும் என்று சில ரகங்களை ஒதுக்கி 1985-ல் ஒரு சட்டம் வந்தது. முதலில் 22 இனங்கள்; பிறகு 11 ஆகச் சுருங்கின. சுருங்கிய அந்தப் பட்டியலிலும் படுக்கை விரிப்பு இருக்கிறது, துண்டு இருக்கிறது, ஜமக்காளம் இருக்கிறது. சட்டத்துக்கு இருக்கிற அக்கறை நமக்கு இல்லை. 1935 முதல் நடந்து வரும் கோ-ஆப்டெக்ஸ் கடைக்குத் தள்ளுபடி காலத்தில் போய் ஒரே ஒரு நல்ல பருத்தி விரிப்பு வாங்குகிறவன், கூடையும் சீட்டும் வாங்குகிறவனைவிடச் சிக்கனக்காரன்.

ஆனால் அந்த ஒன்றைக்கூட உடனே வாங்காதீர்கள் என்பதே என் கட்சி. முதலில் பீரோவைத் திறவுங்கள்.

அக்கா வீட்டில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். இதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. மழைக்காலம் போகட்டும் என்று தை மாதம் வரையில் காத்திருந்தோம். எல்லாத் துணியையும் கூடத்தில் கொட்டினோம். ஒரு படுக்கைக்கு எத்தனை விரிப்பு வேண்டும்? விரித்திருப்பது ஒன்று, துவைக்கப் போட்டிருப்பது ஒன்று, பீரோவில் இருப்பது ஒன்று. மூன்று போதும். வீட்டில் படுக்கை நான்கு, ஆகவே 12. விருந்தாளியை அடியோடு ஒழித்துவிட வேண்டாம், அவருக்கு இரண்டு. கிழவர்களோ குழந்தைகளோ நோயாளிகளோ இருக்கும் வீடானால் அவர்களுக்கு மட்டும் இன்னும் மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள்; கணக்குப் பார்க்காமல் மாற்ற வேண்டியது அவர்களுக்குத்தான். இதற்கு மேல் இருப்பது உங்கள் துணி அல்ல, பூச்சியின் துணி.

நடுவில் மட்டும் நைந்த விரிப்புகளை எறியவில்லை. விரிப்பு நடுவில்தான் நையும். ஓரம் புதிதாகவே இருக்கும். நீளவாக்கில் நடுவே கிழித்து, இரண்டு ஓரங்களையும் நடுவுக்குக் கொண்டுவந்து மூட்டி, நைந்த பக்கத்தை வெளி ஓரமாக்கி மடித்துத் தைத்தால் இன்னும் சில வருஷம் உழைக்கும். இது ஏதோ தரித்திரப் புத்தி என்று நினைக்க வேண்டாம். 1941 முதல் 1949 வரை துணிக்கு ரேஷன் இருந்த இங்கிலாந்தில், கெளரவமான வீடுகளில் எல்லாம் இப்படித்தான் தைத்தார்கள். அதற்கும் உதவாதவை தலையணை உறையாயின. பழைய வேட்டிகள் ஈரம் துடைக்கும் துணியாயின. பருத்தி வேட்டியைப் போல ஈரம் வாங்கும் துணி எந்தக் கடையிலும் இல்லை. பழம் புடவைகளை நான்கு மடிப்பாக அடுக்கி ஓட்டுத் தையல் போட்டால் குழந்தைக்கு விரிப்பு. டெய்லர் கூலி, நூல், நீலம் எல்லாம் சேர்த்து ஆன செலவு 340 ரூபாய்.

வைக்கும் முறையும் எளிதுதான். கஞ்சி இல்லாமல் துவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காய வைத்து அடுக்குங்கள். ஒரு படுக்கைக்கான விரிப்பையும் உறைகளையும் ஒரே மூட்டையாக, அந்த உறைக்குள்ளேயே திணித்து வையுங்கள், இருட்டிலும் எடுக்கலாம். துவைத்து வந்ததை அடியில் வைத்து மேலே இருப்பதை எடுங்கள். எல்லாம் சமமாக நையும். மாதம் ஒரு முறை பீரோக் கதவைப் பகலெல்லாம் திறந்து வையுங்கள். காய்ந்த வேப்பிலையோ வசம்போ துணியில் கட்டிப் போடுங்கள். அந்துருண்டை போட்டே தீருவேன் என்றால், அந்தத் துணியைத் துவைத்து வெயிலில் போடாமல் பச்சைக் குழந்தைக்குச் சுற்றாதீர்கள். பிறவியிலேயே ரத்தத்தில் ஒருவகைக் குறையுள்ள குழந்தைகளுக்கு அந்த நெடி சிவப்பணுக்களை உடைத்துக் காமாலையில் கொண்டுவிடும். வெயிலில் போடுவதிலும் அக்கா ஊரில் ஒரு தொல்லை உண்டு. மொட்டை மாடியில் வெள்ளைத் துணி காயப்போட்டால் காற்று ஆலைப் பக்கத்திலிருந்து திரும்பும் நாளில் கரிப்பொட்டு விழுகிறது. அக்கா காற்றைப் பார்த்துக் காயப்போடக் கற்றுக்கொண்டாள். புகை விடுகிறவர்கள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

போகிப் பண்டிகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழையன கழிதல் என்று விடியற்காலையில் தெருவில் பாயையும் துணியையும் கொளுத்துகிறோம். 2018-ல் போகிப் புகையால் சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் போயின. பழையதைக் கொளுத்துகிறோம், சரி. அதன் இடத்தில் புதியதை விரிக்கிறோமா? புதியது பீரோவில் அப்படியே இருக்கிறது. அடுத்த போகிக்குள் அதுவும் பழையதாகிவிடும். உபயோகப்படாமலே பழையதாவதைப் போலத் துணிக்கு வேறு அவமானம் இல்லை.

"உங்களுக்கென்ன, எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள், துவைக்கிறவள் நான்" என்று சகோதரிகள் சொல்லக் கூடும். ஒப்புக்கொள்கிறேன். மூன்று நாளைக்கு ஒருமுறை விரிப்பு மாற்றினால் துவைக்கும் வேலை கூடும். படுக்கிற ஆண்பிள்ளை துவைக்கவும் காயப்போடவும் மடிக்கவும் வரட்டும். 90-க்கு 108 அங்குல விரிப்பை ஒற்றை ஆளாக மடித்துப் பாருங்கள். இதிகாசத்தில் வில்லை வளைத்தவர்கள்மேல் உள்ள மதிப்புக் குறைந்துவிடும். நான் இப்போது ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறேன். என் மனைவி இன்னும் நம்பவில்லை.

"பெண்ணுக்குச் சீர் வைக்க வேண்டாமா?" என்பார்கள். பத்து வருஷம் பூட்டி வைத்ததைப் பெண்ணுக்குக் கொடுத்தால், அவள் அதைத் தன் பீரோவில் பூட்டுவாள். அந்தச் சீர் வேண்டாம். கலியாணத்தன்று புதிதாக நான்கு வாங்கிக் கொடுங்கள். விரித்துப் படுக்கச் சொல்லி அனுப்புங்கள்.

கணக்குப் போக அக்கா வீட்டில் விரிப்பும் போர்வையுமாக ஒரு டஜன் மிஞ்சின. எல்லாம் நல்லவை. மாடியில் இருக்கும் பையன்களைப் பற்றி அப்போதுதான் தெரிந்தது. ஐந்து பேருக்கு மூன்று பாய். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவன், பகல் ஷிப்டுக்குப் போகிறவன் எழுந்த பாயிலே படுக்கிறான். ஆளுக்கு ஒரே போர்வை. ஞாயிற்றுக்கிழமை துவைத்து அன்றைக்கே காயவைத்துக்கொள்கிறார்கள். எங்கள் தலைக்கு மேல் ஐந்து பேர் அப்படிப் படுத்திருக்க, கீழே 31 விரிப்புகள் தூங்கிக்கொண்டிருந்தன.

ஆளுக்கு இரண்டு என்று அக்கா எடுத்து வைத்தாள். பழக்கம் விடவில்லை, பழையதாக இரண்டு பொறுக்கிவிட்டு, ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவற்றைத் தள்ளி வைத்துவிட்டுக் காகிதப் பட்டை பிரிக்காததையே எடுத்தாள். கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டையாகக் கிழித்தாள். கடைசி விரிப்பு நீலக் கட்டம் போட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"இதை அத்தைக்குப் போட்டிருக்கலாம்டா" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. வாசகர்கள் தங்கள் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்த்து, இன்றைக்கே கேட்டு வாங்கட்டும்.